பணமற்ற எதிர்காலமும் பணத்தின் சொற்களும்

பணமில்லாத சமுதாயம் ஒன்றைக் கற்பனை செய்தல் அத்துணை அரிய செயலன்று. நாணயம் ஒழிந்துவிட்டது என்று ஒரு வரி எழுதினால் போதும். அச்சமுதாயத்து மக்கள் வாய்திறந்து பேசத் தொடங்கும்போதுதான் இடர்ப்பாடு தோன்றுகிறது. விலை, கூலி, கடன், செலவு, ஈடு முதலிய சொற்கள் பொருளியலுக்கு மட்டும் உரியன அல்ல. நன்றிக்கடன் என்கிறோம், காலத்தைச் செலவிடுகிறோம், ஒருவரது இழப்பை ஈடுசெய்ய இயலாது என்கிறோம். பணத்தை நீக்கிய எழுத்தாளர்கள் அதன் சொற்களை என் செய்தனர் என்பதையும், அவர்தம் நூல்களைத் தமிழாக்குவோர் எங்கெங்கே இடறக்கூடும் என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. தமிழில் எதிர்காலச் சமுதாயத்தைப் பற்றிய எழுத்துகளுள் பெரியாரின் ‘இனி வரும் உலகம்’ நன்கு அறியப்பட்டது. அதன் சொல்லாட்சி தனியே ஆராயத்தக்கது. இங்கு ஆங்கில நூல்களே பெரிதும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

இவ்வகை நூல்களுக்கெல்லாம் முன்னோடி தாமஸ் மோர் இலத்தீனில் எழுதி 1516இல் வெளிவந்த ‘உட்டோபியா’ என்பதை அனைவரும் அறிவர். அத்தீவில் பொன்னால் கழிகலங்கள் செய்யப்படுகின்றன; அடிமைகளின் விலங்கும் பொன்னே; முத்தும் மணியும் சிறுவர்தம் விளையாட்டுப் பொருள்கள். பொன்னணி பூண்டு வந்த அயல்நாட்டுத் தூதரை அடிமைகளென்றும் கோமாளிகளென்றும் ஊரார் கருதிவிடுகின்றனர். நூலின் தொடக்கத்தில் அத்தீவினரின் எழுத்துமுறையும் நான்கடிச் செய்யுளொன்றும்கூடத் தரப்பட்டுள்ளன. எனினும் மோர் மாற்றியது பொன் என்னும் பொருளின் மதிப்பையே ஆகும். சொற்களை அவர் தொடவில்லை. மேலும், உட்டோபியர் கூலிப்படைக்குக் கொடுப்பதற்கெனப் பொன்னைச் சேர்த்தும் வைக்கின்றனர். அவர்களது நாடு இடத்தால் விலகியதேயன்றிக் காலத்தால் விலகியதன்று. ஆதலால் பணம் வழக்கொழிந்தபின் அதன் சொற்கள் என்ன ஆகும் என்னும் வினா அந்நூலில் எழவில்லை.

அவ்வினா கூர்மையாக எழுவது அமெரிக்கரான எட்வர்ட் பெல்லமி 1888இல் வெளியிட்ட ‘லுக்கிங் பேக்வர்ட்’ என்னும் புதினத்தில்தான். 1887இல் பாஸ்டன் நகரில் உறங்கிய ஜூலியன் வெஸ்ட் 2000ஆம் ஆண்டில் கண்விழிக்கிறான். நாட்டின் உற்பத்தி முழுவதும் பொதுவுடைமையாகிவிட்டது. இருபத்தொன்று முதல் நாற்பத்தைந்து அகவை வரை அனைவரும் உழைக்கின்றனர். ஆண்டு விளைவில் ஒவ்வொருவருக்கும் ஒத்த பங்கு உண்டு. அப்பங்கைக் குறிக்கத் தடித்த தாளாலான அட்டை ஒன்று வழங்கப்படுகிறது. பொதுப் பண்டகசாலையில் பொருள் பெறும்போது அலுவலர் அவ்வட்டையிலுள்ள கட்டங்களில் உரியவற்றைத் துளையிட்டு நீக்குவார். அவ்வட்டைக்குப் பெல்லமி இட்ட பெயர் ‘கிரெடிட் கார்டு’.

இப்பெயரைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இன்றைய வழக்கையொட்டிக் ‘கடன் அட்டை’ என்று பெயர்ப்பாராயின் பொருள் தலைகீழாகிவிடும். டைனர்ஸ் கிளப் நிறுவனம் 1950இல் தொடங்கிய அட்டை முறையும் அதன்பின் வங்கிகள் வழங்கிய அட்டைகளும் முதலில் பொருளைப் பெற்றுப் பின்னர்த் தொகையைச் செலுத்துவதற்கு உரியவை. பெல்லமியின் அட்டையிலோ ஒருவருக்கு உரிய பங்கு முன்னரே பதியப்பட்டுள்ளது; பெறுபவர் எவருக்கும் கடன்படவில்லை. செயற்படும் முறையை நோக்கின் அது இன்றைய ‘பற்று அட்டை’க்கே நெருங்கியது. நம் கணக்கியல் வழக்கில் ‘கிரெடிட்’ என்பது வரவு, ‘டெபிட்’ என்பது பற்று. ஆங்கிலத்தில் ‘கிரெடிட்’ என்னும் ஒரே சொல் நம்பகம், வரவு, கடன் ஆகிய மூன்றையும் சுமந்து நிற்கிறது. இலத்தீனில் அதன் வேர் நம்புதலைக் குறிப்பது. தமிழில் இம்மூன்றும் மூன்று சொற்கள். எனவே மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தெரிந்தே ஆகவேண்டும். ‘பங்கட்டை’ அல்லது ‘வரவட்டை’ என்பது இவ்விடத்துக்கு ஏற்கும் என்பது என் கருத்து. கதையில் ஓரிடத்தில் மட்டும் கடன் தலைகாட்டுகிறது: அரிதாக, அடுத்த ஆண்டுப் பங்கிலிருந்து ஒரு பகுதியை முன்கூட்டியே பெறலாம், ஆனால் அதற்கெனப் பெருங்கழிவு செய்யப்படும். ‘கடன்’ என்னும் சொல்லை அவ்விடத்துக்கென்று ஒதுக்கி வைத்தல் நன்று.

கடன் என்பதற்குக் கடமை என்னும் பொருளும் உண்டென்பதை மறத்தலாகாது. புறநானூற்று 312ஆம் பாடலில் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் ஆகியோர்க்குரிய கடன்கள் கூறப்படுகின்றன; அங்கே எவரும் எவருக்கும் தொகை தர வேண்டியதில்லை. இப்பழம்பொருளில் நோக்கினால் பெல்லமியின் குடிமகனுக்கும் கடன் உண்டு. ஆனால் அது அவன் கையிலுள்ள அட்டையில் இல்லை. அவன் ஆற்றும் இருபத்துநான்கு ஆண்டு உழைப்பில் இருக்கிறது. ஆங்கில மூலத்தில் இல்லாத இவ்விரட்டைப் பொருள் தமிழில் தானாகவே வந்து சேரும். அதை விலக்குவதா, பயன்கொள்வதா என்பது மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு.

பெல்லமி இச்சிக்கலை உணராதவர் அல்லர். அட்டையில் தொகை ‘டாலர்’ கணக்கிலேயே குறிக்கப்படுவதைக் கண்டு வியக்கும் ஜூலியனுக்கு மருத்துவர் லீட் விளக்கம் தருகிறார். பழைய சொல்லை வைத்துக்கொண்டோம், அதற்குரிய பொருள் இப்போது இல்லை. பண்டங்களின் மதிப்பை ஒப்பிட உதவும் இயற்கணிதக் குறிபோன்றதே அது என்பது அவ்விளக்கத்தின் சாரம். குறிப்பான் நிற்கக் குறிக்கப்படுவது மறைந்துவிட்டது என்று மொழியியலார் கூறுவர். ஆயினும் கூட்டல் கழித்தல் கணக்கு முழுவதும் அப்படியே தொடர்கிறது. பணத்தை ஒழித்தவர் கணக்கரை ஒழிக்கவில்லை.

இதுவே இங்கிலாந்தின் வில்லியம் மோரிசுக்கு ஒவ்வாதிருந்தது எனலாம். அவர் ‘காமன்வீல்’ இதழில் 1889இல் பெல்லமியின் நூலை மதிப்பிட்டார். இத்தகைய நூலை ஆசிரியரது மனப்பாங்கின் வெளிப்பாடாகவே கொள்ள வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. மறு ஆண்டே அதே இதழில் ‘நியூஸ் ஃப்ரம் நோவேர்’ என்னும் கதையைத் தொடராக எழுதினார். அதன் தொடக்கத்தில் விருந்தினன் ஒருவன் தேம்சு ஆற்றில் தன்னைப் படகில் ஏற்றிச் சென்ற டிக் என்பவனுக்கு நாணயம் நீட்டுகிறான். டிக்குக்கு விளங்கவில்லை. செய்த உதவிக்குக் கைம்மாறாக அயலார் எதையோ கொடுக்கும் வழக்கம் போலும் என்று ஊகித்துக்கொண்டு, இது எவருக்கும் நான் செய்யும் பணி. ஒவ்வொருவரும் நட்பின் நினைவாக ஒன்று தந்தால் அவற்றை எங்கே வைப்பேன் என்னும் பொருள்பட மறுக்கிறான். நாணயங்களை அருங்காட்சியகத்துக்குத் தரலாம் என்றும் கூறுகிறான்.

இவ்வுரையாடலில் டிக் தன் பணியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ‘பிசினஸ்’ என்பதாகும். இன்று அது வணிகத்தையே முதலில் நினைவூட்டும்; டிக்கின் வாயில் அப்பொருள் உதிர்ந்துவிட்டது. தமிழில் ‘தொழில்’ என்று பெயர்த்தால் மீண்டும் அதே வழுக்கல்தான். தொழில் செய்கிறார் என்றால் வாணிகம் செய்கிறார் என்றே பலரும் கொள்வர். ‘வேலை’ அல்லது ‘பணி’ என்பதே தகும். பின்னர்ப் பிக்காடில்லியில் சிறுவர் இருவர் நடத்தும் கடையில் விருந்தினன் புகையிலையும் வேலைப்பாடு மிக்க புகைக்குழலும் பெறுகிறான். விலை கேட்கும் பழக்கம் அவனை விட்டு நீங்கவில்லை. விலை என்பது சிறுவர்க்குத் தெரியவில்லை. இக்காட்சியைத் தமிழாக்குங்கால் ‘கடைக்காரர்’, ‘வாங்கினான்’ ஆகிய சொற்கள் தாமே எழுதுகோலில் வந்து விழும். ‘வாங்குதல்’ என்பதற்குத் தமிழில் பெறுதல் என்னும் பொதுப்பொருளும் உண்டாதலால் அது பொறுத்துக்கொள்ளத்தக்கது. ‘விற்பனை’க்கு அத்தகைய மறைவிடம் இல்லை.

மோரிஸ் கையாளும் உத்தி பிற சொற்களுக்கும் நீள்கிறது. ‘ஸ்கூல்’ என்று விருந்தினன் கூறியதும், மீன்கூட்டத்துக்கும் ஓவிய மரபுக்கும் வழங்கும் அச்சொல்லுக்கும் குழந்தைகளுக்கும் என்ன தொடர்பு என்று டிக் கேட்கிறான். இதை நேரடியாகப் பெயர்த்தல் இயலாது. ஆனால் ‘பள்ளி’ என்னும் நம் சொல்லுக்கு உறங்குமிடம், சமணர் உறைவிடம் என்னும் பொருள்கள் உள்ளமையால், குழந்தைகள் அங்கே போய்த் துயில்வார்களோ என்று தமிழ் டிக் கேட்கலாம். சொல் வேறாயினும் நகைச்சுவை பிழைக்கும்.

முதியவர் ஹாமண்டுடன் விருந்தினன் நடத்தும் உரையாடலே நூலின் உயிர்நிலை. உழைப்புக்கு ‘ரிவார்டு’ இல்லையேல் மக்கள் ஏன் உழைப்பர் என்று அவன் வினவ, வாழ்க்கையே அதன் ‘ரிவார்டு’ என்கிறார் முதியவர். வினாவில் அச்சொல் கூலியைச் சுட்டுகிறது, விடையில் சுட்டவில்லை. வினாவுக்குக் ‘கூலி’, விடைக்குப் ‘பயன்’ என்று இரு சொற்களை இட்டால் விடை வினாவுக்குத் தொடர்பற்றதாகும். ஈரிடத்தும் ‘பயன்’ என்றே வைத்து, வினாவின் சூழலால் கூலி என்னும் பொருளை உணரச்செய்வதே பொருத்தம்.

கற்பனையில் மட்டுமன்றி நடைமுறையிலும் பெயரிடும் தொல்லை நேர்ந்ததுண்டு. 1918 முதல் 1921 வரை இரசியாவில் பணத்தின் மதிப்பு சரிந்தபோது, பணமின்றிப் பொருளாட்சி நடத்தும் வழிகள் ஆராயப்பட்டன. பொருளியலாளர் ஸ்துருமிலின் உழைப்பை அளக்கும் அலகு ஒன்றை முன்மொழிந்தார். ‘உழைப்பலகு’ என்று பொருள்படும் இரசியத் தொடரைச் சுருக்கி அதற்குத் ‘திரேத்’ என்று பெயர். 1921இல் சந்தை மீண்டும் இடம்பெற்றதும் அம்முயற்சி கைவிடப்பட்டது.

சொற்களை ஒவ்வொன்றாக மாற்றாமல் மொழியையே மாற்றிப் பார்த்தவர் அர்சலா லெ குவின். 1974இல் வெளிவந்த அவரது ‘தி டிஸ்பொசெஸ்டு’ என்னும் புதினத்தில் அனாரெஸ் உலகத்தார் ‘பிராவிக்’ என்னும் படைப்பு மொழியைப் பேசுகின்றனர். அம்மொழி வழக்கில் உடைமைப் பெயரடைகள் பெரிதும் தவிர்க்கப்படுகின்றன. ‘என் தாய்’ என்னும் குழந்தை விரைவிலேயே வெறும் ‘தாய்’ எனக் கற்றுக்கொள்கிறது. ‘என் கைக்குட்டை’ என்பதற்கு மாறாக ‘நான் பயன்படுத்தும் கைக்குட்டை’ என்கின்றனர். வேலைக்கும் விளையாட்டுக்கும் ஒரே சொல்.

ஆங்கில வாசகரை இவ்வழக்கு திடுக்கிடச் செய்யும். தமிழ் வாசகர் திடுக்கிடுவாரா என்பது ஐயமே. ‘அம்மா வந்துவிட்டாள்’ என்று உடைமைச்சொல் இல்லாமலே நாம் நாள்தோறும் பேசுகிறோம். ஒரே மகனாகப் பிறந்தவனும் ‘எங்கள் அம்மா’ என்பான். ‘என்னிடம் பணம் இருக்கிறது’ என்பதில் பணம் எழுவாயாகவும் ‘நான்’ அது தங்கும் இடமாகவும் நிற்கக் காண்கிறோம். இவற்றைக் கொண்டு தமிழர் உடைமையுணர்வு குறைந்தவர் என்று முடிவுகட்டுதல் நகைப்புக்கிடமாகும். நம் நீதிமன்றங்களில் குவிந்துள்ள சொத்து வழக்குகள் அம்முடிவை உடனே மறுக்கும். இலக்கணம் ஒன்று, வாழ்க்கை வேறொன்று. ஆனால் மொழிபெயர்ப்பில் ஏற்படும் இழப்பு மெய்யானது. உறவுப்பெயர்களில் பிராவிக்கின் விந்தைத்தன்மை தமிழில் மறைந்துபோகும். கைக்குட்டை போன்ற இடங்களிலேயே அதை மீட்டாக வேண்டும்.

இறுதியாக அந்நூலின் தலைப்பு. ‘உடைமை இழந்தோர்’ என்றால் பறிகொடுத்தவர் என்றாகிறது. ‘துறந்தோர்’ என்றால் காவியுடை கண்முன் நிற்கிறது. ‘உடைமையிலார்’ என்னலாம் எனில், இல்லார் என்ற அளவிலேயே தமிழில் வறியவர் என்று பொருள்படும். அனாரெஸ் மக்களுள் கதை நிகழும் காலத்தவர் எதையும் பறிகொடுத்தவர் அல்லர், துறந்தவரும் அல்லர், உடைமை இன்னதென்று அறியாமலே பிறந்து வளர்ந்தவர்கள். ‘உடைமையறியார்’ என்பது ஓரளவு இணங்கும். நாயகன் ஷெவெக் யுராஸ் உலகின் கடைத்தெருவில், குவிந்து கிடக்கும் பண்டங்களையும் அவற்றைச் செய்தவர் எவரும் அங்கில்லாமையையும் கண்டு திகைக்கும் பகுதியைத் தமிழாக்கி முடித்தபின் இத்தலைப்பை மீண்டும் ஒருமுறை சீர்தூக்கிப் பார்த்தல் நலம்.