துப்பாக்கியின் ஜாதகம்

தாம்பரத்தில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர் ஒருநாள் காலையில் உறையிலிட்ட இரட்டைக்குழல் துப்பாக்கியோடு தெருவில் இறங்கினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பயப்படாதீங்க ஸார். தேர்தல் வருதில்லையா? ஸ்டேஷன்ல ஒப்படைச்சு ரசீது வாங்கணும். அப்பா காலத்துத் துப்பாக்கி. என் பெண் கல்யாணத்துக்குக்கூட நான் இத்தனை கையெழுத்துப் போட்டதில்லை!" என்றார்.

அவர் அலுத்துக்கொண்டது நியாயந்தான். ஆனால் அந்தக் கையெழுத்துகளுக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது.

லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது, 1878இல், ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், வெள்ளைக்காரனுக்கு வேண்டாம். 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபை அதை மாற்றச் சொல்லித் தீர்மானம் போட்டது. உடனே பலன் ஒன்றும் கிட்டவில்லை.

கெஞ்சிக் கிடைக்காததை எடுத்துக்கொள்ளத் துணிந்தவர்களும் இருந்தார்கள். 1914 ஆகஸ்டு 26ஆம் தேதி கல்கத்தாவில், ராடா கம்பெனி என்ற துப்பாக்கி வியாபாரிகளின் குமாஸ்தா சிரிஷ் சந்திர மித்ரா, சுங்க ஆபீஸிலிருந்து 202 பெட்டிகளை மீட்டார். கிடங்குக்கு வந்து சேர்ந்தவை 192. மிச்சத்தைக் கொண்டுவருவதாகச் சொல்லிப் போனவர் திரும்பவேயில்லை. அந்தப் பத்துப் பெட்டிகளில் 50 மௌஸர் பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களும் இருந்தன. பிஸ்டல்கள் புரட்சிக்காரர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தன.

ஆனால் ஒவ்வொரு பிஸ்டலின் எண்ணும் கம்பெனிக் கணக்கில் பதிவாகியிருந்தது. 1918இல் வெளியான ரௌலட் கமிட்டி அறிக்கை, 31 பிஸ்டல்கள் திரும்பக் கிடைத்துவிட்டதாகச் சொல்கிறது. பெட்டியை மறைத்த குமாஸ்தாவினால் எண்ணை மறைக்க முடியவில்லை.

நம்மை அடிமையாக வைத்திருந்தவன் எழுதிய கணக்கு அது. சுதந்திரம் வந்தபின் அதைக் கிழித்தெறிந்திருக்க வேண்டாமா? 1959ஆம் வருஷச் சட்டம் பழைய சட்டத்தை நீக்கியது. கணக்கை மட்டும் வைத்துக்கொண்டது. செய்தவன் பெயரோ எண்ணோ பொறிக்காத துப்பாக்கியை விற்கக் கூடாது. பொறித்ததை அழித்தால் குற்றம். செய்கிறவரும் விற்கிறவரும் ரிஜிஸ்தர் வைத்துக்கொள்ள வேண்டும். 2016ஆம் வருஷ விதிகளும் இதைக் கைவிடவில்லை.

கைவிடாததே சரி என்று நினைக்கிறேன். அன்றைய கணக்கு ஆளின் நிறத்தைப் பார்த்துக் கேட்கப்பட்டது. இன்று எல்லாரும் சொல்லியாக வேண்டும். சுடப்பட்டவனுக்காகக் கேள்வி கேட்க, அந்த ஒரு வரி எழுத்தாவது எங்கோ இருக்க வேண்டுமே!

மத்தியானம் அடுத்த வீட்டுக்காரர் ரசீதோடு திரும்பினார்.

"நம்பரை ரெண்டு தரம் சரிபார்த்தாங்க ஸார்" என்று மறுபடியும் அலுத்துக்கொண்டார்.

எனக்கென்னவோ அன்று ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது.