தொண்டையில் இரண்டு, வயிற்றில் ஒன்று

'இருந்தால் தொல்லை, எடுத்துவிட்டால் நிம்மதி' என்று பெயரெடுத்த உறுப்புகள் நம் உடம்பில் உண்டு. தொண்டையின் இருபக்கமும் இருக்கும் டான்சில் ஒன்று. பெருங்குடல் தொடங்கும் இடத்தில் விரல் நீளத்துக்குத் தொங்கும் குடல்வால் மற்றொன்று. இரண்டிலும் நிறைந்திருப்பது நிணநீர்த் திசு. இரண்டுமே இளவயதில் மும்முரமாக வேலை செய்து, வயதாக ஆகச் சுருங்குபவை. பழி வந்த வழிதான் வேறு.

குடல்வாலுக்குப் பழியைத் தேடித்தந்தவர் சார்லஸ் டார்வின். மனிதனின் தோற்றம் பற்றி 1871இல் அவர் எழுதிய நூலில், அது முன்னோரிடமிருந்து மிஞ்சிய எச்சம், பயனற்றது, சில வேளை உயிரையும் வாங்கிவிடும் என்றார். 1902இல் பிரிட்டனின் ஏழாம் எட்வர்டுக்கு முடிசூட்டு விழா நெருங்கிய வேளையில் குடல்வாலில் சீழ் கட்டி, விழாவையே தள்ளிவைக்க நேர்ந்தது. அதன்பின் அந்த உறுப்புக்காகப் பரிந்து பேச யார் இருந்தார்கள்?

டான்சிலுக்கு வந்த பழி வேறு. அது கிருமிகளின் கூடாரம், உடம்பெங்கும் நோயைப் பரப்புவது என்பதே குற்றச்சாட்டு. விளைவு எங்கே போய் முடிந்தது என்பதற்கு 1934இல் நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வு சாட்சி. 1000 பள்ளிப் பிள்ளைகளில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாகிவிட்டது. மீதி 389 பேரைப் பரிசோதித்த மருத்துவர்கள் 174 பேருக்கு எடுக்கச் சொன்னார்கள். தப்பித்த 215 பேரை வேறு மருத்துவர்களிடம் காட்டினால் அவர்கள் 99 பேரைக் குறித்தார்கள். எஞ்சிய 116 பேரை மூன்றாம் முறை காட்டியபோது இன்னும் 51 பேர். கடைசியில் மிஞ்சியது 65 பிள்ளைகள். அங்கே அறுவையைத் தீர்மானித்தது நோய் அல்ல, பழக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உண்மையில் இவை செய்யும் வேலை என்ன? டான்சில் வாசற்காவல். வாய் வழியும் மூக்கு வழியும் வருவதைப் பிடித்துப் பார்த்து எதிர்ப்புச் சக்தியைப் பழக்குகிறது. போலியோ சொட்டு மருந்து பெற்ற பிள்ளைகளுக்கு டான்சிலை எடுத்தபின், தொண்டையில் போலியோவுக்கு எதிரான எதிரணுக்கள் வெகுவாகக் குறைந்ததை 1971இல் பஃபலோ நகர ஆய்வொன்று காட்டியது.

குடல்வாலின் வேலை உள்வீட்டில். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போலிஞ்சர், பார்க்கர் குழுவினர் 2007இல் முன்வைத்த கருத்து இது: குடலின் நல்ல நுண்ணுயிரிகள் சளிப்படலத்தில் அடையாக ஒட்டி வாழ்கின்றன, அந்த அடை குடல்வாலில் செழித்திருக்கிறது. கடும் வயிற்றுப்போக்கில் குடலே கழுவப்பட்டாலும், ஒரு முனை மூடிய அந்தக் குழாய்க்குள் வெள்ளம் எளிதில் புகாது. பஞ்சத்திலும் தொடாமல் வைத்த விதைநெல் போல அங்கே மிஞ்சியவை மறுபடி குடலெங்கும் பெருகுகின்றன. பாலூட்டிகளின் மரபு வரிசையை ஆராய்ந்ததில், குடல்வால் 30 முறைக்கு மேல் தனித்தனியாகத் தோன்றியிருக்கலாம் என்றும், தோன்றியபின் அரிதாகவே மறைந்திருக்கிறது என்றும் தெரிகிறது. வெறும் எச்சத்துக்கு இந்த வரலாறு பொருந்தாது.

ஆனால் சான்றின் வலுவில் டான்சிலே முந்தி நிற்கிறது. குடல்வால் உள்ளவர்களுக்கு, ஆன்டிபயாடிக் மருந்துக்குப்பின் வரும் ஒருவகைக் குடல்தொற்று திரும்ப வருவது குறைவு என்று 2011இல் ஓர் ஆய்வு சொன்னது. பின்வந்த சில ஆய்வுகளில் அது தென்படவில்லை. இன்னொரு முரணும் உண்டு. இளவயதில் அழற்சியால் குடல்வாலை இழந்தவர்களுக்குப் பெருங்குடல் புண் நோய் குறைவாக வருகிறது என்று 2001இல் சுவீடன் ஆய்வு காட்டியது. நன்மை செய்யும் உறுப்பு என்று ஒரே வரியில் முத்திரை குத்திவிட முடியாது.

மிகப் பெரிய வேறுபாடு ஆபத்தில் இருக்கிறது. டான்சில் வீங்கினால் பெரும்பாலும் பொறுத்திருக்கலாம். ஓர் ஆண்டில் ஏழு முறையாவது கடுமையாகத் தொண்டை புண்ணானால்தான் அறுவை போன்ற கணக்குகள் வந்து, கத்தி வெகுவாக ஓய்ந்தது. குடல்வால் அப்படிக் காத்திருக்க விடாது. வெடித்தால் வயிறெங்கும் சீழ் பரவும். அதற்கும் இப்போது மாற்று வழி பிறந்திருக்கிறது. 1552 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், ஆன்டிபயாடிக் மட்டும் பெற்றவர்களில் பத்தில் ஏழு பேர் 90 நாள்வரை அறுவையின்றியே இருந்தார்கள். உள்ளே கல் போன்ற அடைப்பு இருந்தவர்களுக்கு மட்டும் சிக்கல் அதிகம்.

ஆக, பயனுள்ளது என்பதும் கட்டாயம் காப்பாற்றியே தீரவேண்டும் என்பதும் வேறு வேறு. எந்த வழி என்பதை ஸ்கேன் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கினால், விளக்கெண்ணெயோ பேதி மாத்திரையோ கொடுத்துப் பார்க்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.