நாம்போர் நகரத்துக் களிம்புக் கணக்கு

பிரிட்டிஷ் தீவுகளிலிருந்து கடல் கடந்து வந்த வெண்ணிற மேனியரின் சந்ததியார், தம் மூதாதையர் கண்டறியாத உக்கிரமான வெயிலின்கீழ் வாழத் தலைப்பட்டதன் பலனாக, சருமப் புற்றுநோய் உலகில் மிகுதியாகக் காணப்படும் தேசங்களுள் ஒன்றாயிற்று ஆஸ்திரேலியா. 1981-ஆம் ஆண்டில் விக்டோரியா மாநிலத்துப் புற்றுநோய் எதிர்ப்பு மன்றம், சித் என்னும் கடற்புறாவைத் தொலைக்காட்சியில் ஆடவிட்டு, சட்டை அணிந்து, வெயில் காப்புக் களிம்பு பூசி, தொப்பி தரிக்குமாறு ஜனங்களுக்குப் பாட்டாலேயே உபதேசித்தது. எவ்வளவு பூசுவது என்பதைப் பாட்டு சொல்லவில்லை.

அளவு ஆய்வுக்கூடத்தில் முன்னமே நிச்சயமாகியிருந்தது. சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம். டப்பியின்மேல் காப்புத்திறனாக 15 என்றும் 30 என்றும் அச்சிடும் எண்களெல்லாம் அந்தக் கனத்தில் பூசிப் பார்த்துக் கண்டவையே. 17,000 சதுர சென்டிமீட்டர் மேனியுள்ள ஒருவர் இதை நிஷ்டையாகக் கடைப்பிடிப்பாரேயானால், நாளுக்கு ஒரு தடவை 34 கிராம் வீதம் வருஷத்துக்குப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் வேண்டும். 100 கிராம் டியூப் 10 டாலர் என்று வைத்துக்கொண்டாலும் 1,200 டாலர் கரைந்துவிடும். இரண்டு மணிக்கொருதரம் மறுபடி பூச வேண்டும் என்ற விதியை நான் இதில் சேர்க்கவேயில்லை! 2000-ஆம் ஆண்டில் சரக்கு சேவை வரி விதித்த அரசாங்கம், காப்புத்திறன் 15-க்குக் குறையாத களிம்புக்கு விலக்களித்தது நியாயமே.

செலவுதான் ஜனங்களின் கையைக் கட்டியது என்று எண்ணுவோர், க்வீன்ஸ்லாந்தின் நாம்போர் நகரத்தில் 1992 முதல் 1996 வரை நடந்த பரிசோதனையைக் கவனிக்க வேண்டும். 1,621 பேரில் ஒரு பாதியினருக்குக் களிம்பை இலவசமாகவே கொடுத்து, தலை, கழுத்து, கைகளில் தினந்தோறும் பூசச் சொன்ன ஆராய்ச்சியாளர்கள், எவ்வளவு செலவாயிற்று என்று அறியப் புட்டிகளைத் திரும்ப வாங்கித் தராசில் நிறுத்தார்கள். நடுத்தரமாக நாளொன்றுக்கு 1.5 கிராம், சதுர சென்டிமீட்டருக்கு 0.79 மில்லிகிராம். காசில்லாமல் வந்ததை இப்படியா பூசினார்கள் என்றால், விதித்த கனத்தில் தடவினால் முகம் பிசுபிசுத்து, புருவத்தோரம் வெள்ளை பூத்து, வியர்வையோடு கண்ணில் இறங்கும் என்பதைப் பூசியவர் அறிவர்.

அப்படிப் பூசியும் ஒருவகைச் சருமப் புற்றுநோய் நூற்றுக்கு நாற்பது அளவுக்குக் குறைந்ததென 1999-இல் தெரியவந்தது. கொடிய வகையான மெலனோமா, பின்தொடர்ந்து கவனித்ததில், தம் இஷ்டப்படி விடப்பட்ட மறுபாதியினரில் 22 பேருக்கும், தினமும் பூசியோரில் 11 பேருக்குமே கண்டதாக 2011-இல் வெளியிட்டார்கள். அவர்கள் பூசிய மெல்லிய பூச்சுக்கு, முன்சொன்ன விலையில், வருஷத்துக்கு 55 டாலர் ஆகும்.