தொண்டரைத் தாங்கியது எது? கல்கத்தா பிளேக், 1899

1898இல் கல்கத்தாவில் பிளேக் நோயைவிட விரைவாகப் பரவியது வதந்தி. கட்டாயத் தடுப்பூசி வரும் என்றஞ்சிப் பல்லாயிரவர் நகரை விட்டு வெளியேறினர். விவேகானந்தர் வங்காளத்திலும் இந்தியிலும் வெளியிட்ட அறிக்கை முதலில் அந்த அச்சத்தையே தணிக்க முயன்றது. மருந்துக்கு முன்பே நம்பிக்கை தேவைப்பட்டது.

மறு ஆண்டு மார்ச்சு இறுதியில் இராமகிருஷ்ண மிஷன் வடகல்கத்தாவின் சேரிகளில் துப்புரவுப் பணியைத் தொடங்கியது. செயலாளர் சகோதரி நிவேதிதை. களப்பொறுப்பு சுவாமி சதானந்தருடையது. ஏப்ரல் 22 அன்று நிவேதிதை ஆற்றிய உரையைக் கேட்டு 15 மாணவர்கள் தொண்டர்களாயினர்.

அம்மாணவர்களுக்குத் தடைகள் இரண்டு: தொற்று அச்சம், துடைப்பத்தை இழிவாகக் கருதும் சாதி மனம். நிவேதிதை தாமே தெருவைக் கூட்டியபோது இரண்டாம் தடை தளர்ந்தது. பாக்பஜார்க் குடிசையொன்றில், பிழைக்காது என்று தெரிந்தும் ஒரு குழந்தையை மடியிலிருத்தி அவர் பேணியதை மருத்துவர் ராதாகோவிந்த கர் பதிவுசெய்துள்ளார்.

ஞாயிறு மாலைகளில் தொண்டர்கள் கூடி, அவ்வாரப் பணியை விவரித்து, அடுத்த பணிக்கான அறிவுரை பெற்றனர். வெறும் கணக்கொப்புவிப்பாக இதைக் கருதுவது குறையாகும். கண்ட மரணங்களைத் தனியே சுமக்காமலிருக்க இத்தகைய கூடுகை இடமளிக்கிறது. இன்றைய நிவாரணப் பணியாளர் ஆய்வுகள் ‘சமூக ஆதரவு’ என்பது இதனையே.

தொண்டரின் துணிவைத் தனிமனிதப் பண்பாகப் போற்றுவது நம் வழக்கம். 1899 காட்டுவது வேறு: இடரைப் பகிரும் தலைமையும் தவறாத சந்திப்பும் அத்துணிவைத் தாங்கின.