அலகு அணி தன் குறியை இழந்த கதை: ஏ.பி.எல். முதல் ஜே வரை

கென்னத் ஐவர்சன் 1962-இல் வெளியிட்ட 'எ புரோகிராமிங் லேங்குவேஜ்' என்ற நூலில், முதன்மை மூலைவிட்டத்தில் 1-உம் மற்ற இடங்களில் 0-உம் கொண்ட அலகு அணிக்கென்று தனிக்குறி ஒன்று உண்டு. எல்லா உறுப்பும் 1 ஆன வெக்டருக்கும், ஓரிடத்தில் மட்டும் 1 கொண்ட அலகு வெக்டருக்கும் அதில் தனித்தனிக் குறிகள் இருந்தன. அப்போது அது கணினியில் ஓடும் மொழி அல்ல. ஹார்வர்டில் பாடம் நடத்தும்போது உருவாகி, 1960-இல் அவர் ஐ.பி.எம்.மில் சேர்ந்த பிறகு விரிவடைந்த ஒரு குறியீட்டு முறை. 1966-இல் அது ஏ.பி.எல்.\360 என்ற பெயரில் கணினிக்குள் வந்தபோது, அலகு அணியின் குறி அதில் இல்லை.

ஏ.பி.எல். குறிகளை அச்சிட்ட செலக்ட்ரிக் தட்டச்சுப் பந்தில் 88 எழுத்துகளுக்குத்தான் இடம் என்பது ஒரு நெருக்கடி. ஆனால் அதை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. அந்தக் குறியைத் தேவையற்றதாக்கும் கருவிகள் அதே 1962 நூலிலேயே இருந்தன. அவற்றுள் முதன்மையானது, ஒப்பீடும் ஓர் எண்ணைத் தரும் என்ற விதி. 'இரண்டும் சமம்' என்பது மெய்யானால் விடை 1, இல்லையேல் 0. 19-ஆம் நூற்றாண்டுக் கணிதரான குரோனெக்கரின் பெயர் தாங்கிய டெல்டா செய்வதும் இதைத்தான். ஆனால் அது சமத்துவம் ஒன்றுக்கே உரியது, ஐவர்சனின் விதியோ எந்த ஒப்பீட்டுக்கும் பொருந்தும். டொனால்ட் நூத் 1992-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு கணிதர்கள் பலர் அதை 'ஐவர்சன் அடைப்பு' என்ற பெயரில் கையாளத் தொடங்கினர்.

இந்த விதியுடன் வெளிப்பெருக்கம் சேர்ந்தால் அலகு அணி தானாகவே கிடைத்துவிடுகிறது:

(⍳4)∘.=⍳4

1 முதல் 4 வரையான எண்களை நிரைக்கும் நிரலுக்கும் நிறுத்தி, வாய்ப்பாடு போடுவதுபோல ஒவ்வொரு இணையையும் ஒப்பிடுகிறோம். நிரை எண்ணும் நிரல் எண்ணும் ஒன்றாகும் இடத்தில் 1, மற்ற இடங்களில் 0. சமக்குறியை ≤ என்று மாற்றினால் மேல்முக்கோண அணி வரும். 1≥|(⍳4)∘.-⍳4 என்று எழுதினால் முதன்மை மூலைவிட்டமும் அதன் இரு பக்கத்து மூலைவிட்டங்களும் 1 ஆகும். தனிக்குறியால் ஓர் அணிதான் கிடைக்கும். இந்தத் தொடரால் ஒரு குடும்பமே கிடைக்கிறது. எண்ணிக்கையை 0-இலிருந்து தொடங்கினாலும் விடை மாறாது.

வேறொரு வழியும் புழக்கத்தில் இருந்தது:

4 4⍴1,4⍴0

ஒரு 1, அதன்பின் நான்கு 0. இந்த ஐந்து உறுப்புகளை நான்கு நான்காக மடித்து நிரப்பினால், ஒவ்வொரு நிரையிலும் 1 ஓரிடம் வலப்பக்கம் நகரும். உறுப்புக்கு உறுப்பு ஒப்பிடும் வேலை இல்லாததால் கணினிக்குச் சுமை குறைவு. ஆனால் படிப்பவருக்கு, இது ஏன் அலகு அணியாகிறது என்பதைத் தொடர் தானே சொல்வதில்லை. தெரிந்தவருக்கே புரியும் மரபுத்தொடர் இது. ஆலன் பெர்லிசும் ஸ்பென்சர் ருகாபரும் 1970-களின் இறுதியில் ஏ.பி.எல். மரபுத்தொடர்களைத் தொகுத்தும் ஆராய்ந்தும் எழுதியபோது, இப்படிப்பட்ட தொடர்களை மொழியின் சொல்வளமாகவே கண்டனர். அந்தப் பார்வையை ஏற்றாலும், தன் பொருளைத் தானே சொல்லும் வெளிப்பெருக்கத் தொடரே மேலானது என்பேன்.

நினைவகச் சிக்கலையும் மறந்துவிடக் கூடாது. ஏ.பி.எல்.\360 0, 1 மதிப்புகளை ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட் என்று அடுக்கி வைத்தது. அப்படியும் 500 × 500 அலகு அணிக்கு 31,250 பைட் வேண்டும். அன்று ஒரு பயனருக்கு ஒதுக்கிய நினைவகப் பகுதியான பணியிடமோ 32 கிலோபைட் அளவிலானது.

மூலைவிட்ட அணியின் வரலாறு இவ்வளவு சீரானதல்ல. ஓர் அணியிலிருந்து மூலைவிட்டத்தை எடுப்பது எளிது: 1 1⍉அ. இரண்டு அச்சுகளுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டால், இரண்டும் சேர்ந்தே நகர்ந்து மூலைவிட்ட உறுப்புகளை மட்டும் தரும். எதிர்த்திசையில், வெக்டரை மூலைவிட்டத்தில் அமர்த்தத்தான் வழி நேராக இல்லை. அலகு அணியை வெக்டரால் பெருக்கலாம் என்றால், பரிமாணம் ஒத்துவரவில்லை என்று ஏ.பி.எல். பிழை காட்டும். எனவே 3 3⍴3 4↑3 1⍴வ போன்ற சுற்றுவழிகள்: வெக்டரை ஒற்றை நிரலாக நிறுத்தி, ஒவ்வொரு நிரையிலும் மூன்று 0 கூட்டி, பிறகு 3 × 3 ஆக மடிப்பது. பின்னாளில் ஏ.பி.எல்.2, எந்த அச்சில் பெருக்க வேண்டும் என்பதை அடைப்புக்குள் குறிக்க இடம் கொடுத்தது.

முடிச்சு அவிழ்ந்தது ஜே மொழியில். 1990-இல் ஐவர்சனும் ரோஜர் ஹுய்யும் அறிமுகப்படுத்திய அந்த மொழியில், வெக்டரின் ஒவ்வோர் உறுப்பும் அணியின் ஒவ்வொரு நிரையோடு இணையும். முதல் அச்சு பொருந்தினால் போதும். ஆகவே வெக்டரை அலகு அணியோடு பெருக்கினாலே மூலைவிட்ட அணி வந்துவிடுகிறது. அலகு அணியும் அங்கே மீண்டும் ஒற்றைக் குறிக்குச் சுருங்கியது, ஆனால் பழைய முறையில் அல்ல. இடப்புறம் எதுவுமின்றி நிற்கும் சமக்குறி, ஒரு பட்டியலை வகைபிரிக்கும்: 3 1 3 2 என்பதைக் கொடுத்தால் 1 0 1 0, 0 1 0 0, 0 0 0 1 என மூன்று நிரைகள் கிடைக்கும். வேறுபட்ட ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு நிரை. ஒன்றும் திரும்ப வராத முழுவெண் வரிசையைக் கொடுத்தால் விளைவது அலகு அணி. வகைபிரித்தலின் ஒரு சிறப்பு நிலையாக அலகு அணி அமைந்ததை ஐவர்சன் மரபின் மிகச் சிறந்த சிக்கனங்களில் ஒன்றாகக் கருதலாம்.

அணிக் கணிப்புக் கருவிகளான மேட்லேப், நம்பை ஆகியவை வேறு பாதையில் சென்று, அலகு அணிக்குப் பெயருள்ள சார்புகளையே வைத்துக்கொண்டன. அவற்றில் மூலைவிட்டத்தை எடுப்பதும் மூலைவிட்ட அணியைக் கட்டுவதும் ஒரே சார்பின் வேலை. உள்ளீட்டின் வடிவமே எது என்று தீர்மானிக்கிறது. மேட்லேப்பில் வெக்டரும் ஒற்றை நிரை அணியும் ஒன்றே. அதனால், தரவு ஒரே நிரையாகச் சுருங்கிவிடும் நாளில், மூலைவிட்டத்தை எடுக்க எழுதிய வரி புதிய அணி ஒன்றைக் கட்டித் தந்துவிடும்.