ஜப்பானில் வரைந்த ராமர்

விடுமுறையில் நம் குடியிருப்பு ஹாலில் பிள்ளைகளுக்கு என்ன படம் போடலாம் என்று பேச்சு வந்தபோது, இரண்டு மூன்று வீட்டார் 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா'வைச் சொன்னார்கள். சொன்னவர்கள் பிள்ளைகள் இல்லை, முப்பது வயது தாண்டிய பெற்றோர். "சாமியைக் கார்ட்டூனாக் காட்டவா? அதுவும் ஜப்பான்காரன் வரைஞ்சதையா?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தப் படத்தின் கதையே இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது.

யூகோ சாகோ ஜப்பானிய ஆவணப்பட இயக்குநர். அலகாபாத் அருகே தொல்லியல் அறிஞர் பி.பி.லால் நடத்திய அகழாய்வைப் படம்பிடிக்க 1983-ல் இங்கே வந்திருந்தார். அவர் ராமாயணத்தையே படமாக்கப் போகிறார் என்று செய்தி தவறாகப் பரவ, டெல்லியிலுள்ள ஜப்பான் தூதரகத்துக்கு விசுவ இந்து பரிஷத் எதிர்ப்புக் கடிதம் அனுப்பியது. விளக்கம் சொன்னதும் பிரச்சினை அடங்கியது. ஆனால் சாகோவுக்குள் ராமாயணம் புகுந்துவிட்டது. ஜப்பானிய மொழியில் கிடைத்த பத்து ராமாயணங்களைப் படித்தார். ராமர் தெய்வம், ஒரு நடிகரின் முகத்தைவிட ஓவியமே அவருக்குப் பொருந்தும் என்று முடிவு செய்தார். எடுக்கக் கூடாது என்று போன கடிதம்தான் படத்துக்கு விதை போட்டது என்று எனக்குத் தோன்றும்.

இந்திய அரசைக் கூட்டுத் தயாரிப்புக்கு அழைத்தார்கள். ராமாயணத்தைக் கார்ட்டூனாக்குவது சிக்கலான விஷயம் என்று அரசு ஒதுங்கிக்கொண்டது. கடைசியில் பணமும் ஸ்டூடியோவும் ஜப்பானுடையதாயின. சாகோ, கோயிச்சி சசாகி ஆகியோருடன் இயக்குநராகச் சேர்ந்தவர் நம் ராம் மோகன். 1956-லேயே ஃபிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்து தொழில் கற்றவர். 1990-ல் வேலை தொடங்கியது. சுமார் 450 கலைஞர்கள், ஒரு லட்சம் அளவுக்குக் கையால் வரைந்த படங்கள். வேட்டியை எப்படிக் கட்டுவது, பிள்ளைகள் பெரியவர்களிடம் எப்படி ஆசி வாங்குவது என்றெல்லாம் இந்தியக் கலைஞர்கள் செய்து காட்ட, ஜப்பானியர் பார்த்து வரைந்தார்கள். இசை வன்ராஜ் பாட்டியா. ஆங்கிலப் பதிப்பில் பாடல்கள் சமஸ்கிருதத்தில்.

படம் தயாரான நேரம்தான் சரியில்லை. 1992 டிசம்பரில் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அடுத்த மாதம் டெல்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் படத்தைக் காட்டினார்கள். தியேட்டர்களில் பெரிதாக ஓடவில்லை. இந்திப் பதிப்பில் ராமருக்குக் குரல் தந்தவர், தூர்தர்ஷன் ராமாயணத்தில் ராமராக நடித்த அருண் கோவில். ராவணனுக்கு அம்ரீஷ் புரி. பிற்பாடு கார்ட்டூன் சேனல்களில் திரும்பத் திரும்பப் போட்டபோதுதான் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு அது சொந்தப் படமாயிற்று. 2025 ஜனவரி 24 அன்று 4கே தரத்தில் தமிழிலும் தியேட்டருக்கு வந்தது. 2012-ல் காலமான சாகோவும் 2019-ல் காலமான ராம் மோகனும் அதைப் பார்க்கவில்லை.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு வரைந்த ராமர் புதிதா என்ன? ஆட்டுத்தோலில் வரைந்து வெட்டிய பாவைகளைத் திரைக்குப் பின்னால் விளக்கு வெளிச்சத்தில் ஆட்டி, அத்தனை பேருக்கும் ஒருவரே குரல் கொடுத்து நடத்தும் தோல்பாவைக்கூத்து நம் மாவட்டத்தில் இரவு இரவாக ராமாயணம் சொன்ன கலை. அதைக் காத்து வந்தவர்கள் வீட்டில் மராத்தி பேசும் குடும்பத்தினர். அவர்கள் ஆட்டிய ராமரை யாரும் வெளியூர் ராமர் என்று சொன்னதில்லை. நடுவில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து சிரிக்க வைத்தாலும் பக்தி குறையவில்லை. சாகோவின் படத்தில் அந்தக் கேலி இல்லை, அது எனக்கு ஒரு சின்னக் குறை. ஆனாலும் தோலோ தாளோ, வரைந்த உருவத்தில் நடிகரின் முகம் குறுக்கே நிற்பதில்லை. பிள்ளைகள் தங்கள் மனதிலுள்ள ராமரையே அதில் பார்த்துக்கொள்கிறார்கள். முப்பது வருடம் கழித்தும் படம் பழசாகாததற்கு இதுவே முக்கியக் காரணம் என்பேன். நடிகர்களை வைத்து எடுத்த புராணப் படங்களில் ஒப்பனையும் கிரீடமும்தான் முதலில் பழசாகின்றன.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. தாணுமாலயன் கோயிலில் 18 அடி ஆஞ்சநேயரை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு, திரையில் அனுமார் ஓங்கி வளர்வது ஆச்சரியமாக இருக்காது. சஞ்சீவி மலைக் காட்சி வந்ததும், அதிலிருந்து சிந்திய துண்டுதான் கன்னியாகுமரி போகும் வழியிலுள்ள மருந்துவாழ் மலை என்று பக்கத்தில் இருக்கும் தாத்தாவோ ஆச்சியோ சொல்லிக் கொடுக்கலாம்.