மேட்ரன் பதவியும் அதற்கு ஏறும் வழியும்

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் கிரிமியப் போர்க்களத்துக்குப் புறப்படுவதற்கு ஓராண்டு முன்னர், 1853-ல், லண்டன் ஹார்லி வீதியில் நோயுற்ற மாதருக்கென நடந்துவந்த ஒரு சிறு வைத்திய விடுதியின் நிர்வாகத்தை ஏற்றபோது, முதற்காரியமாக அவர் வற்புறுத்திக் கேட்டவை, மாடிதோறும் வெந்நீர் வரும் குழாய்களும், உணவை மேலே ஏற்றும் ஒரு தூக்கியும், அழைக்கும் நோயாளி இன்னார் என்று நர்ஸ் பார்த்த மாத்திரத்தில் அறியும்படியான மணிகளுமே ஆகும். அப்போரின்போது ஸ்கூட்டாரி ராணுவ ஆஸ்பத்திரியில் அவர் ஏந்திய விளக்கைப் போற்றாதார் இல்லை. இந்தக் குழாயையும் மணியையும் நினைப்பவர் சிலரே. படியேறி இறங்குவதிலேயே கால் ஓய்ந்துபோன ஒருத்தியிடம் நோயாளியின் முகவாட்டத்தைக் கவனிக்கும் பொறுமையை எதிர்பார்ப்பது அநியாயம் என்று உணர்ந்த அந்தப் புத்தியிலிருந்தே நர்ஸிங் தலைமை என்னும் உத்தியோகம் பிறந்தது என்பது என் அபிப்பிராயம்.

1859-ல் வெளிவந்த தம் நர்ஸிங் நூலில், தாம் அருகிருக்கும்போது நடக்கும் காரியம் தாம் இல்லாதபோதும் தவறாது நடக்கும்படி ஏற்பாடு செய்வதே பொறுப்பிலிருப்பவரின் கடமை என்பதை அம்மையார் ஓர் அத்தியாயம் முழுதும் விளக்குகிறார். இது கேட்பதற்கு எளிது. அநுஷ்டிப்பதற்கு மகா கடினம். அவரால் பெரிதும் மதிக்கப்பட்ட ஆக்னஸ் ஜோன்ஸ் என்பார், 1865-ல் பயிற்சி பெற்ற பன்னிரு நர்ஸ்களுடன் லிவர்பூல் ஏழையர் விடுதி ஆஸ்பத்திரிக்குச் சென்று, ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள் கிடந்த அவ்விடத்தைத் திருத்துவதில் இரவு பகலாக உழைத்து, 1868-ல் டைபஸ் ஜுரத்துக்கு இரையானபோது அவருக்கு வயது 35. அந்தத் தியாகத்தின் முன் தலை வணங்குகிறேன். ஆயினும் ஓர் ஆஸ்பத்திரியின் ஒழுங்கு ஒரே உடலின் வலிமையை நம்பி நிற்கலாகாது என்பதையும் அவ்வுத்தமியின் சரித்திரத்திலிருந்தே கற்கிறோம்.

1860-ல் லண்டன் புனித தாமஸ் ஆஸ்பத்திரியில் ஏற்பட்ட பயிற்சிப் பள்ளி, நர்ஸ்களின் கல்வியும் ஒழுக்கமும் அவர்களின் தலைவியான மேட்ரனின் அதிகாரத்துக்கே உட்பட வேண்டும் என்ற நியதியை நிலைநாட்டியது. அம்முறை நம் நாட்டிலும் வேரூன்றிற்று. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1871-ல் நர்ஸ் பயிற்சி ஆரம்பமாயிற்று. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-ல் நர்ஸ் பள்ளி தொடங்கினார். 1946-ல் அங்கும் டில்லியிலும் பட்டப் படிப்பே வந்துவிட்டது.

பட்டத்தின் வரவு பாராட்டுக்குரியதே. எனினும், பட்டம் பெற்ற கையோடு ஆசிரியை நாற்காலிக்கும், அங்கிருந்து மேற்பார்வை அறைக்கும் சென்றுவிட விரும்பும் இளம் சகோதரிகளிடம், வார்டு சிஸ்டராகச் சில வருஷங்கள் நின்று பழகாமல் மேலே போகாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இரவு டூட்டியினர் காலை டூட்டியினரிடம் பொறுப்பை ஒப்புவிக்கையில், கோடிப் படுக்கைக்காரருக்கு நள்ளிரவில் மூச்சுத் திணறியதைச் சொல்ல மறந்தால் என்ன நேரும் என்பதும், டூட்டிப் பட்டியலில் கைக்குழந்தைக்காரிக்குத் தொடர்ந்து இரவு முறையே விழுந்தால் அவள் மனம் எப்படிக் கசக்கும் என்பதும், துவைக்கப் போன படுக்கை விரிப்புகள் திரும்பி வாராத நாளில் யாரிடம் எந்தக் குரலில் பேச வேண்டும் என்பதும், டாக்டரின் உத்தரவில் மருந்தின் அளவு சந்தேகத்துக்கிடமாயிருந்தால் மரியாதை குன்றாமலும் அச்சமின்றியும் அதைக் கேட்டுத் தெளியும் முறையும் அங்கன்றி வேறெங்கும் படியா. அந்த வருஷங்களிலேயே தமக்கு அடுத்த நிலையிலுள்ள ஒருத்தியை அருகிருத்திக் கணக்கையும் கண்காணிப்பையும் பழக்கிவிடுபவரே பின்னர் பெரும் பொறுப்புகளைத் தாங்குவார். மேட்ரன் பதவிக்கு ஆள் தேரும் குழுவினர், விண்ணப்பித்தவரின் சான்றிதழ்களைப் பார்த்த பின்பு, அவர் லீவில் போயிருந்த நாட்களில் அவருடைய வார்டு எவ்விதம் நடந்தது என்பதையும் அங்கிருந்தோரிடம் விசாரித்தறிவது நலம்.